பிள்ளை தூங்கும்போது பார்த்துக்கொள்பவர் உட்காரக் கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் கடிதப் பகுதியில் கெப்போங் சகோதரி ஒருவர் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. அவர் வீட்டுக்குப் பிள்ளை பார்க்க வரும் அம்மா, ஒன்றரை வயதுப் பையன் மதியம் தூங்கியதும் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து கைப்பேசியில் நாடகம் பார்க்கிறாராம். ஹாலில் மாட்டியிருக்கும் சிசிடிவியில் இவர் அதைத் தினமும் பார்த்துவிட்டு, "நான் கொடுக்கும் சம்பளம் இதற்குத்தானா" என்று கேட்கிறார். கேள்வி கேட்க அவருக்கு உரிமை உண்டு, காசு கொடுப்பவர் அவர்தான். ஆனால் அந்தக் கேமராவை அவர் பார்ப்பது மதியம் இரண்டு, மூன்று மணிக்கு, தம் அலுவலக மேசையில் உட்கார்ந்துகொண்டு, அவருடைய முதலாளி சம்பளம் கொடுக்கும் நேரத்தில். இதைக் கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார், என்ன எழுதுகிறோம் என்று கவனிக்காமல்.

அவரைக் குத்திக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. சரி, கொஞ்சம் குத்திக்காட்டத்தான். ஏனென்றால் இது அவர் ஒருவருடைய பேச்சு இல்லை. கோயிலில், கல்யாண வீட்டில், அலுவலகச் சாப்பாட்டு அறையில், எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் பிள்ளை பார்ப்பவர்களைப் பற்றிய பேச்சு "சும்மா உட்கார்ந்திருக்க மாசம் இவ்வளவா" என்றுதான் முடிகிறது.

நான் கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருப்பவள். வருகைப் பதிவு, எம்.சி. எனும் மருத்துவ விடுப்பு, ஓ.டி. எனும் மிகைநேரக் கணக்கு எல்லாம் என் மேசைக்குத்தான் வரும், அதனால் ஓர் அலுவலக நாள் எப்படி நகர்கிறது என்று எனக்கு ஓரளவு தெரியும். காலையில் கருவியில் விரலை வைத்துவிட்டு நேராகக் கீழே மாமாக் உணவுக் கடைக்குப் பசியாறப் போகிறவர்கள் உண்டு. பத்தரைக்கு ஒரு தே தாரிக். சிகரெட் பிடிப்பவர்களுக்கு அவ்வப்போது பின்பக்க மாடிப்படி. ஷோப்பி இணையக் கடையில் பதினோராம் மாதத் தள்ளுபடி வந்தால் அன்றைக்கு அரை ஆபீஸ் அதிலேதான் இருக்கும், அப்புறம் ஒரு வாரத்துக்கு வரவேற்பு மேசையில் பொட்டலங்களாகக் குவியும். குடும்ப வாட்ஸ்அப் குழுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது வேலை நேரத்தில்தான் சுறுசுறுப்பாக ஓடுகிறது.

இதையெல்லாம் குற்றமென்று நான் சொல்லவில்லை. அதே ஆட்கள்தான் தணிக்கை வரும்போது இரவு ஒன்பது வரை குனிந்த தலை நிமிராமல் வேலை பார்க்கிறார்கள். மாதக் கணக்கு நேரத்துக்கு முடிகிறது, சம்பளம் நேரத்துக்கு ஏறுகிறது. வேலை என்பது அப்படித்தான், ஒரு மணி நேரம் நெருக்கும், ஒரு மணி நேரம் விடும். எட்டு மணி நேரமும் ஒரே வேகத்தில் ஓடுவதற்கு மனிதன் என்ன மோட்டாரா? இந்த நியாயம் அலுவலகத்தில் இருக்கும் நமக்கு நன்றாகவே புரிகிறது. வீட்டுக்குள் வேலை செய்ய வரும் பெண்ணுக்கு என்று வரும்போது மட்டும் அது மறந்துபோகிறது, அதுதான் எனக்கு எரிச்சல்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் ஒரு வேடிக்கை. நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60ஏ பிரிவில் வேலை நேரம் என்றால் என்ன என்று விளக்கம் இருக்கிறது. ஊழியர் முதலாளியின் ஏவலுக்குக் காத்திருக்கும் நேரம், தம் நேரத்தையும் நடமாட்டத்தையும் தம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாத நேரம், அதுதான் வேலை நேரம். கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. வீட்டுப் பணியாளர்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது, அதைக் கீழே சொல்கிறேன், ஆனாலும் நியாயம் ஒன்றுதான். பையன் தூங்குகிறான் என்பதற்காக அந்த அம்மா சந்தைக்குப் போய் மீன் வாங்கிவர முடியுமா? குளித்துவிட்டு அக்கம்பக்கத்தில் ஒரு நடை போய்வர முடியுமா? முடியாது. கால் கட்டப்பட்டிருக்கிறது. அவர் சோபாவில் இருந்தாலும் அது உங்கள் நேரம்தான், அவருடையது இல்லை.

அமெரிக்காவில் இதே கேள்வி 1944இல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. சிகாகோவில் ஒரு சோப்புத் தொழிற்சாலை, டெக்சஸில் ஓர் இறைச்சித் தொழிற்சாலை, இரண்டிலும் ஆட்கள் தீப்பிடித்தால் அணைப்பதற்கென்று இரவு தங்கியிருந்தார்கள். தீ பிடித்ததோ எப்போதாவதுதான். மற்ற நேரத்தில் தூங்கினார்கள், ரேடியோ கேட்டார்கள், விளையாடினார்கள். இதற்கெல்லாம் எதற்குக் கூலி என்று முதலாளிகள் கேட்டார்கள். ஏதாவது நடக்கும் என்று காத்திருப்பதற்காகவே ஒரு முதலாளி ஆள் வைத்துக்கொள்ளலாம், அந்தக் காத்திருப்பும் வேலையாகலாம் என்று நீதிமன்றம் சொன்னது. எல்லாக் காத்திருப்புக்கும் அப்படியே கூலி உண்டு என்று அது சொல்லவில்லை, ஒவ்வொரு இடத்திலும் ஏற்பாடு என்ன என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றது. ஐரோப்பாவில் 2003இல் ஜெர்மனி கீல் நகரத்து மருத்துவர் ஒருவரின் வழக்கில், மருத்துவமனை அறையிலேயே இருந்தாக வேண்டிய முறைநேரம், அதில் அவர் தூங்கினாலும், முழுக்க வேலை நேரம்தான் என்று தீர்ப்பு வந்தது. டாக்டர் தூங்கினால் பணி, பிள்ளை பார்ப்பவர் உட்கார்ந்தால் சோம்பலா?

இன்னொன்று. ஒரே இடத்தில் கண்ணை நட்டு வைத்துக்கொண்டே இருக்க மனிதனால் முடியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரேடார் பார்ப்பவர்களுக்காக நார்மன் மேக்வொர்த் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். கடிகாரம் மாதிரி ஒரு முகப்பில் முள் துள்ளித் துள்ளி நகரும், எப்போதாவது இரட்டிப்பாகத் துள்ளும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அரை மணி நேரத்துக்குள்ளேயே ஆட்கள் கோட்டைவிட ஆரம்பித்தார்கள். அவர்கள் போர்ப்படையினர், வேலையும் வெறுமனே பார்ப்பது மட்டும்தான். நம் பிள்ளை பார்க்கும் அம்மாவோ காலை ஏழிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், இடையில் சோறு ஊட்டி, கழுவி, அழுகையை அடக்கி. பிள்ளை தூங்கும் அந்த ஒன்றரை மணி நேரம் அவர் ஓய்ந்திருந்தால்தான் நாலு மணிக்குப் பையன் எழுந்து நாற்காலியில் ஏறி ஜன்னலை எட்டும்போது ஓடிப்போய்ப் பிடிக்க அவருக்குக் காலில் தெம்பு இருக்கும்.

என் பிள்ளைகள் இரண்டு பேரும் செந்தூலில் ஓர் அக்காவின் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவர்கள். ஒருநாள் ஆபீஸில் மின்சாரம் தடைப்பட்டு மதியமே அனுப்பிவிட்டார்கள், சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போய் நின்றேன். கதவு திறந்திருந்தது, இரும்புக் கிரில் மட்டும் பூட்டியிருந்தது. அக்கா தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தொலைக்காட்சியில் நாடகம், சத்தம் ஏறக்குறைய இல்லை. மடியில் தட்டு, அதில் நெத்திலி, ஒவ்வொன்றாகத் தலை கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்பிரிங் தொட்டிலின் கயிறு அவர் வலதுகால் பெருவிரலில் மாட்டியிருந்தது, கண் திரையில் இருந்தாலும் கால் தன்பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தது. என் மகள் உள்ளே லேசாக ஒரு இருமல் இருமினாள். அக்காவின் கை நின்றது, கால் நின்றது, தலை திரும்பவே இல்லை, காதுதான் போனது. இன்னொரு இருமல் வருமா என்று பார்த்தார். வரவில்லை. மறுபடியும் கால் ஆடியது, நெத்திலித் தலை விழுந்தது. அப்புறம்தான் கிரிலுக்கு வெளியே நான் நிற்பதையே பார்த்தார்.

அதைச் சிசிடிவியில் பார்த்தால் என்ன தெரிந்திருக்கும்? ஒரு பெண் நாடகம் பார்க்கிறாள், அவ்வளவுதான். காது என்ன செய்கிறது என்று எந்தக் கேமராவும் காட்டாது.

கேமரா இன்னொரு கெடுதலும் செய்யும். வெல்ஸ் ஃபார்கோ என்ற அமெரிக்க வங்கி 2024இல் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட ஊழியர்களை வேலையை விட்டு அனுப்பியது, கீபோர்டில் வேலை நடப்பது மாதிரி பாவனை காட்டினார்கள் என்று. மவுஸைத் தானாக அசைத்துக்கொண்டிருக்கும் சின்னக் கருவியே கடையில் கிடைக்கிறது. ஏமாற்றியது தப்புதான். ஆனால் மவுஸ் நகர்ந்தால் வேலை, நகராவிட்டால் வெட்டி என்று மேலே இருப்பவர்கள் கணக்குப் போட்டால் கீழே இருப்பவர்கள் மவுஸை நகர்த்தத்தான் கற்றுக்கொள்வார்கள். கெப்போங் சகோதரி வீட்டு அம்மாவும் அதைத்தான் செய்யப் போகிறார். "கேமராவில் பார்த்தேன், சும்மா இருந்தீர்களே" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். மறுநாளிலிருந்து பையன் தூங்கும்போது ஹாலை மூன்று தடவை கூட்டுவார், துடைத்த மேசையையே துடைப்பார், நீங்களும் திருப்தியாகப் பார்ப்பீர்கள். உள்ளறையில் பையன் எழுந்து அழுதால் காதில் விழாத அளவுக்குத் துடைப்பத்தோடு மும்முரமாக இருப்பார்.

அதற்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்றும் நான் சொல்லவில்லை. குளியல் தொட்டியில் பிள்ளை இருக்கும்போது கைப்பேசி கையில் இருக்கவே கூடாது, அதில் பேச்சுக்கே இடமில்லை. அடுப்பில் கொதிநீர் இருக்கும்போது, பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது, பிள்ளை வேர்க்கடலை, திராட்சை மாதிரி தொண்டையில் மாட்டக்கூடிய எதையாவது சாப்பிடும்போது, அப்போதெல்லாம் நாடகமும் கிடையாது, வாட்ஸ்அப்பும் கிடையாது. கைக்குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு சோபாவிலேயே தூங்கிவிடுவது உயிருக்கே ஆபத்து, குழந்தையைத் தனியாக, மல்லாக்க, தலையணை இல்லாமல்தான் கிடத்த வேண்டும். பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் விட்டுவிட்டு வெளியே போவது 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி குற்றம். இவையெல்லாம் ஓய்வில் சேராது, அலட்சியத்தில்தான் சேரும். பிள்ளை முழித்திருக்கும்போது மணிக்கணக்காகக் கைப்பேசியைக் கையில் கொடுத்து உட்கார வைப்பதும் அப்படித்தான், அதைக் கேட்கத் தாய்க்கு முழு உரிமை உண்டு. கெப்போங் சகோதரி அப்படி எதையும் பார்த்ததாக எழுதவில்லையே. தூங்குகிற பிள்ளை, பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிற பெண், இவ்வளவுதான் அவர் புகார்.

சரி, கணக்கு என்று வந்துவிட்டால் முழுக் கணக்கையும் பார்ப்போம். நமக்கு, அதாவது அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு, 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை, அதற்கு முன்னால் 48 ஆக இருந்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் குறைந்தது 30 நிமிடம் ஓய்வு கொடுத்தாக வேண்டும். ஆள் நகரவே முடியாத, தொடர்ந்து கவனிக்க வேண்டிய வேலையாக இருந்தால்கூட 8 மணி நேரத்தில் மொத்தம் 45 நிமிடமாவது சாப்பாட்டுக்கு விட வேண்டும். வாரத்துக்கு ஒரு முழு நாள் ஓய்வு. இந்த எண்களை எந்த ஊழியரும் என்னிடம் வந்து ஒப்பிப்பார், ஒரு நிமிடம் குறைந்தால் விடமாட்டார்.

இதே சட்டத்தில் வீட்டுப் பணியாளர்களுக்கு இந்த வேலை நேரம், ஓய்வு நாள், விடுமுறைப் பகுதி பொருந்தாது என்று அட்டவணை போட்டு விலக்கி வைத்திருக்கிறார்கள். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனதே, அந்த உத்தரவும் அவர்களுக்குக் கிடையாது. 2021 ஜூன் முதல் சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு கிடைத்தது, அது ஒன்றுதான் ஆறுதல். வீட்டுப் பணியாளர்களுக்கென்று அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 2011இல் கொண்டுவந்த 189ஆம் ஒப்பந்தம், வாரத்துக்குத் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. மலேசியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. செந்தூல் அக்கா மாதிரித் தம் வீட்டிலேயே பிள்ளைகளை வைத்துப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கில்கூட வரமாட்டார்கள், அவர்கள் யாருக்கும் ஊழியரே இல்லை. நாலு பிள்ளையோ அதற்கு மேலோ பார்த்தால் 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். பதிவு பெற்ற தாஸ்காவில், அதாவது குழந்தைப் பராமரிப்பு மையத்தில், ஒரு வயதுக்குக் கீழ் இருந்தால் மூன்று பிள்ளைக்கு ஒருவர், மூன்று வயது வரை ஐந்து பிள்ளைக்கு ஒருவர் என்று விகிதம் உண்டு. அங்கே ஒருவர் சாப்பிடப் போனால் மாற்றிப் பிடிக்க இன்னொருவர் இருப்பார். தனியாக வீட்டில் பார்ப்பவருக்கு யார் இருக்கிறார்கள்? இடுப்பில் ஒன்று, கையில் சோற்றுத் தட்டு, அதுதான் அவர் சாப்பாட்டு நேரம்.

காலை ஏழு மணிக்குப் பிள்ளையை விடுகிறோம். மாலை ஆறு, ஆறரைக்கு எடுக்கிறோம். அதுவே குறைந்தது பதினோரு மணி நேரம். வெள்ளிக்கிழமை மழை பிடித்தால் ஜாலான் கூச்சிங் சாலை அசையாது, ஏழரை ஆகும், "ஜாம்க்கா, சாரிக்கா" என்று ஒரு குரல் பதிவு அனுப்பிவிட்டு அதோடு விட்டுவிடுவோம். நம் ஆபீஸில் ஆறரைக்கு மேல் உட்கார வைத்தால் ஓ.டி. படிவம் எங்கே என்று கேட்போம், அந்த அக்காவுக்கு யார் ஓ.டி. கொடுத்தார்கள்? வெட்டியாக இருந்த நேரத்துக்குச் சம்பளத்தைக் கழிக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்த நேரத்தைக் கூட்டவும் தயாராக இருக்க வேண்டுமில்லையா.

வேலைக்கு ஏற்ற கூலி, நேரத்துக்கு இல்லை, என்று வாதாடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். அதையும் நம் ஆட்கள் அனுபவித்தவர்கள்தான். ரப்பர் தோட்டத்தில் மழை பெய்தால் மரத்தில் பால் வெட்ட முடியாது, அன்றைக்குக் கையில் காசு வராது, பால் குறைந்தால் கூலியும் குறையும். ஓய்வும் நஷ்டமும் முழுக்கத் தொழிலாளி தலையில். அந்தத் தோட்டத்திலேயே ஆயாக் கொட்டகை என்று ஒன்று இருந்தது, விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகும் பெண்கள் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள், வரிசையாகச் சேலைத் தொட்டில், ஓரிரண்டு கிழவிகள். எங்கள் பாட்டி அங்கே ஆயாவாக இருந்தவர். ஆயாவுக்கு மட்டும் நாள் கூலி, ஏனென்றால் எத்தனை பிள்ளை அழுதது, எத்தனை பிள்ளை தூங்கியது என்று எடை போட முடியாது என்று மேற்பார்வை பார்க்கும் மண்டோருக்கே தெரிந்திருந்தது. நீங்கள் வேண்டுமானால் எடை போட்டுப் பாருங்கள். குளிப்பாட்ட இவ்வளவு, வாந்தி துடைக்க இவ்வளவு, காய்ச்சல் நாளில் தோளிலேயே போட்டுக்கொண்டு நடக்க இவ்வளவு, தூங்கினால் ஒன்றுமில்லை. மாதக் கடைசியில் பில்லைப் பார்த்துவிட்டு இப்போது கொடுக்கும் சம்பளமே மலிவு என்று நீங்களே சொல்வீர்கள்.

கெப்போங் சகோதரிக்கு ஒரு யோசனை. அந்த அம்மாவோடு ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பேசுங்கள், காசு விஷயத்தில் கறாராக இருப்பது நல்லதுதான். பையன் தூங்கும்போது உள்ளறைக் கதவு திறந்திருக்க வேண்டும், குளிப்பாட்டும்போது போனை எடுக்கக் கூடாது, எழுந்ததும் நாடகம் நிற்க வேண்டும், துணி மடிப்பது வேலையில் சேர்த்தியா இல்லையா, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சோபாவில் உட்காரலாமா என்பதையும் வேண்டுமானால் எழுதுங்கள், ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் எழுதமாட்டேன். நீங்கள் ஏழு மணிக்கு மேல் வீடு திரும்பும் நாள்களுக்கு மணிக்கு எத்தனை வெள்ளி என்பதை மட்டும் அதே தாளில் எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
செந்தூல் வாசகி,
கோலாலம்பூர்